கொக்கின் வெண்மையும் காமிராவின் கணக்கும்

(பாகூரில், புகைப்பட ஆர்வலர்களும் மாணவர்களும் கூடிய சபையொன்றில் தை மாதத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிருபதுங்க பல்லவன் காலத்துச் செப்பேட்டினால் ஒரு வித்யாஸ்தானம் விளங்கிய இடமென்று சரித்திரத்தில் பதிவாகியிருக்கும் இந்த ஊரில் வந்து நின்று ஒருவன் எதைக் கற்பிக்கத் துணிந்தாலும் சற்று அடக்கத்தோடுதான் தொடங்க வேண்டும். டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவில் ஃபோகஸையும் ஒளியளவையும் தேர்ந்துகொள்வது எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். இன்ன காட்சிக்கு இன்ன எண், இன்ன வேளைக்கு இன்ன பொத்தான் என்று ஒரு பட்டியலை நான் வாசிப்பேன் என்றும், அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனால் காரியம் முடிந்துவிடும் என்றும் உங்களில் சிலர் எதிர்பார்த்து வந்திருக்கக்கூடும். அத்தகைய பட்டியல்களுக்கு இன்று பஞ்சமே இல்லை. ஆனால் அவற்றில் பல, வருஷத்தில் பாதி நாள் மேகமூட்டத்திலே கழிகின்ற தேசங்களில் இருந்துகொண்டு எழுதப்பட்டவை. சித்திரை வெயிலில் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும் நம் பாகூருக்கும் வில்லியனூருக்கும் அவை அப்படியே பொருந்துமென்று நம்புவதற்கு நியாயம் ஒன்றும் இல்லை. ஆகையால், இயந்திரம் எதை அளக்கிறது, எதை அளப்பதே இல்லை என்ற விஷயத்தை மட்டும் இன்று நாம் ஆராய்வோம். அளக்காததை அதற்குச் சொல்லவேண்டியவர்கள் நாம். அதைச் சொல்லுவதற்கு இந்த ஊரிலே பிறந்து வளர்ந்தவனுக்குள்ள தகுதி, விலையுயர்ந்த லென்ஸோடு வெளியூரிலிருந்து வருகிறவனுக்கு இல்லை என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் ஒளியளவை எடுத்துக்கொள்வோம். காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானி வெளிச்சத்தை அளக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அது அளப்பது சூரியன் பொழிகின்ற வெளிச்சத்தை அன்று. எதிரே உள்ள பொருளின்மேல் பட்டு, அந்தப் பொருள் தனக்கு எடுத்துக்கொண்டது போக, மிச்சமாகத் திரும்பி வருகின்ற வெளிச்சத்தைத்தான். ஒரே வெயிலில், ஒரே திண்ணையில், வெளுத்த வேட்டி ஒன்றும் அடுப்புக்கரி ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தாலும், ஒளிமானியின் கண்ணுக்கு ஒன்று பட்டப்பகல், மற்றொன்று அந்திவேளை. எது வெள்ளை, எது கறுப்பு என்று அறிய அதற்கு வழியில்லாமையால், அதைச் செய்தவர்கள் ஓர் அனுமானத்தை அதற்குள் பொதிந்து வைத்திருக்கிறார்கள்: எதிரே உள்ளவற்றையெல்லாம் கூட்டிக் கலந்தால், பட்ட வெளிச்சத்தில் 100-க்கு 18 பங்கையோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ திருப்பித் தருகின்ற நடுத்தரமான சாம்பல் நிறம் கிடைக்கும் என்பது அந்த அனுமானம். மேட்டுக் கொல்லைக்கும் ஏரிப் பாசன நஞ்சைக்கும் சேர்த்து ஒரே சராசரி விளைச்சலை எழுதிவிட்டு நிம்மதியாக உறங்கப் போகும் கணக்குப்பிள்ளையைப் போல, காமிராவும் எந்தக் காட்சியைக் கண்டாலும் அதைச் சாம்பலாக்கிக் கணக்கை நேர் செய்துவிடுகிறது. கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. நிலத்தைத்தான் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

காட்சியைப் பல பகுதிகளாகப் பிரித்து அளந்து ஊகிக்கும் முறை பிற்பாடு வந்தது. நிக்கான் நிறுவனத்தார் 1983-ஆம் வருஷத்தில் வெளியிட்ட எஃப்.ஏ. என்னும் காமிராவில் அது 5 பகுதிகளோடு முதன்முதலாக அமைந்தது. இன்றைய டிஜிட்டல் காமிராக்களில் அந்தப் பகுதிகள் ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கின்றன. ஊகம் கெட்டிக்காரத்தனமாக ஆகியிருக்கிறதே ஒழிய, அது ஊகம் என்ற நிலைமை மாறிவிடவில்லை.

இப்போது பாகூர் ஏரிக்கு வருவோம். பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணையின் தண்ணீர் வந்து நிறைந்து, கரையோரத்தில் கோரையும் சம்பும் அடர்ந்திருக்கின்ற இந்தத் தை மாதத்தில், அங்கே கொக்குக்குக் குறைவில்லை. ஒரு பெரிய வெள்ளைக் கொக்கு கரைக்கு அருகே நின்று காட்சி முழுவதையும் அடைத்துக்கொள்ளுமானால், காமிரா தன் வழக்கப்படி அதைச் சாம்பலாக்க முயன்று, வெளிச்சத்தைக் குறைத்துப் படத்தை மங்கலாக்கிவிடும். அப்போது ஒளித் திருத்தத்தை ஒரு ஸ்டாப்போ, அதாவது வெளிச்சத்தை இரு மடங்கோ, அதற்குச் சற்று மேலாகவோ கூட்டிவைக்க வேண்டும். அதே கொக்கு தூரத்தில், கரிய தண்ணீருக்கு நடுவில், ஒரு விரல்நுனி அளவுக்குத் தெரியுமானால் நிலைமை நேர் எதிராகிவிடுகிறது. காமிரா அந்தக் கரிய தண்ணீரைச் சாம்பலாக்குவதற்காக வெளிச்சத்தைக் கூட்ட, கொக்கின் உடம்பு இறகு ஒன்றுகூடத் தெரியாமல் சுண்ணாம்பாய் வெளுத்துப் போகிறது. இங்கே திருத்தத்தைக் குறைக்க வேண்டும். 'வெள்ளைப் பறவைக்குக் கூட்டு' என்று ஒரு குருவும், 'வெள்ளைப் பறவைக்குக் குறை' என்று மற்றொரு குருவும் உபதேசிப்பதைக் கேட்டுத் தலை சுற்றிப்போன இளைஞர்களை எனக்குத் தெரியும். இரண்டு குருமாரும் சொன்னது உண்மைதான். ஆளுக்கு ஒரு தூரத்திலிருந்து கொக்கைப் பார்த்தார்கள், அவ்வளவே.

அந்தக் கொக்கு பறந்துவிட்டால் என்ன செய்வது? எழும்பும்போது அதன் பின்னணியில் தண்ணீர் இருக்கிறது. ஒரு கணம் கழிந்தால் பச்சை நாற்று. இன்னொரு கணத்தில் பனைமரங்கள். அதற்கு மேலே வெளிறிய வானம். பின்னணி மாற மாற ஒளிமானி தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டே போகும். ஆனால் மேகம் மறைக்காத வரையில் கொக்கின்மேல் விழுகின்ற வெயில் அணுவளவும் மாறவில்லையே! மாறாத ஒன்றுக்கு எதற்காக மாறுகின்ற கணக்கு? ஆகவே, காமிராவை மேனுவலில் வைத்து, ஒளியளவை ஒருமுறை நிர்ணயித்துவிட்டு, அதன்பின் அதை மறந்துவிடுவதே உத்தமம்.

ஃபிலிம் காலத்துப் புகைப்படக்காரர்கள் இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள். நல்ல வெயிலில் அப்பர்ச்சரை எஃப் 16-இல் வைத்து, ஷட்டரை ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழாக வைத்தால் ஒளியளவு ஏறக்குறையச் சரியாக இருக்கும் என்பது அது. ஐ.எஸ்.ஓ. 400 என்றால் எஃப் 16-க்கு ஷட்டர் 1/400 விநாடி. அதே ஒளியளவை எஃப் 8-க்கு மாற்றினால் 1/1600. இது சாதாரணப் பொருள்களுக்கு உரிய கணக்கு. வெயிலில் பளிச்சிடும் வெள்ளை இறகின் நுட்பங்கள் வேண்டுமானால் இன்னும் ஒரு ஸ்டாப் இறக்கி, எஃப் 8-இல் 1/3200 என்று வைத்துக்கொள்ள வேண்டும். பறக்கும் சிறகை அசையாமல் நிறுத்துவதற்கும் அந்த வேகம் தாராளமாகப் போதும். காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் வெளிச்சம் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பதால், ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் பார்த்து, வலப்பக்கத்து ஓரத்தில் வரைகோடு சுவரில் முட்டாமல் சற்று முன்னாலேயே இறங்கிவிடுகிறதா என்று சோதித்துக்கொள்வது அவசியம். நீர்க்காகத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. கறுப்பு இறகில் விவரம் வேண்டுகிறவன் ஒரு ஸ்டாப் ஏற்றவேண்டும். கொக்கும் நீர்க்காகமும் ஒரே பட்டுப்போன மரத்தில் உட்கார்ந்திருந்தால், இரண்டில் எதைக் கைவிடுவது என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும். நான் எப்போதும் கொக்கின் கட்சி. வெளுத்துப்போன வெள்ளையை எந்த வித்தையாலும் மீட்க முடியாது, இருண்ட கறுப்பை ராஃபைலிலிருந்து ஓரளவு தூக்கிவிடலாம்.

ஃபோகஸ் விஷயத்துக்கு வருகிறேன். தானியங்கி ஃபோகஸ் உடம்புக்குள்ளேயே அமைந்த எஸ்.எல்.ஆர். காமிராக்களில் உலகமெங்கும் பெயர் பெற்றது, 1985-இல் மினோல்டா நிறுவனம் வெளியிட்ட 7000 என்னும் காமிரா. அதன் வழியில் வந்த எஸ்.எல்.ஆர்.களில், முன்னே நிற்கும் கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியைச் சிறிது ஊடுருவவிடும். ஊடுருவிய ஒளியை அதன் பின்னாலுள்ள ஒரு சிறு கண்ணாடி கீழே திருப்பி, காமிராவின் அடித்தளத்தில் உள்ள ஃபோகஸ் சென்ஸாருக்கு அனுப்புகிறது. லென்ஸின் இரு ஓரங்களின் வழியாக வந்த இரண்டு பிம்பங்களை அந்தச் சென்ஸார் ஒப்பிட்டு, லென்ஸ் எந்தத் திசையில், எவ்வளவு நகரவேண்டும் என்பதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுகிறது. ஒப்பிடுவதற்கு ஏதாவது ஒரு விளிம்பு, ஒரு கோடு, வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் ஓர் எல்லை அதற்கு வேண்டும். வெள்ளைக் கொக்கின் பரந்த மார்பில் புள்ளியை வைத்துவிட்டு லென்ஸ் முன்னும் பின்னும் தவிக்கிறதே என்று காமிராவை நொந்துகொள்வதில் அர்த்தமில்லை. அங்கே பற்றிக்கொள்ள ஒன்றுமே இல்லை. கண்ணிலோ, அலகு முகத்தோடு சேரும் இடத்திலோ, கழுத்தின் ஓரத்திலோ வையுங்கள், உடனே பிடித்துக்கொள்ளும்.

சென்ஸாரிலுள்ள புள்ளிகள் யாவும் ஒரே தரத்தவை அல்ல. சில புள்ளிகள் நெட்டுக் கோடுகளை மட்டும் காணும், சில கிடைக்கோடுகளை மட்டும். குறுக்கும் நெடுக்குமாக இரண்டையும் காண வல்ல சிலுவைப் புள்ளிகள், விலை குறைந்த காமிராக்களில் பெரும்பாலும் நடுவிலே ஒன்றுதான் இருக்கும். ஏரிக்கரையின் நீண்ட கிடைக்கோட்டில் ஓரத்துப் புள்ளியை வைத்தால் அது திணறுவதற்கு இதுவே காரணம். நடுப்புள்ளியை நம்புங்கள்.

எந்த முறையை வைப்பது? கேனான் காமிராவில் நிற்கும் பொருளுக்கு ஒன் ஷாட், அசையும் பொருளுக்கு ஏ.ஐ. சர்வோ, நிக்கான்காரர்கள் இவற்றையே ஏ.எஃப்.-எஸ், ஏ.எஃப்.-சி என்பார்கள். இரண்டுக்கும் நடுவே 'காமிராவே முடிவு செய்யட்டும்' என்ற மூன்றாவது முறையொன்றும் உண்டு. அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நிற்கும் கொக்கு எந்த நிமிஷமும் பறக்கலாம் என்பது ஏரியை அறிந்தவனுக்குத் தெரியும், காமிராவுக்குத் தெரியாது. பறவை நாடிப் போகிறவர்கள் சர்வோவிலேயே வைத்துக்கொண்டு, ஃபோகஸ் செய்யும் வேலையை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்து, காமிராவின் முதுகிலுள்ள கட்டைவிரல் பொத்தானுக்கு மாற்றிவிடுவது நல்லது. அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து வருகிறது. விரலை எடுத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. இரண்டு முறைகளும் ஒரே விரலின் ஆதீனத்தில் வந்துவிடுகின்றன. கோரைக்குள்ளே ஒதுங்கி நிற்கும் பறவைக்கு ஒற்றைப் புள்ளிதான் தகும்; எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டால், சாதாரணமாகக் காமிரா அருகிலுள்ள கோரைத் தாளைத்தான் பிடித்துக்கொள்ளும். வெற்று வானத்தில் பறப்பதற்குப் புள்ளிகளின் கூட்டத்தைத் தாராளமாக விரித்துக்கொள்ளலாம்.

வில்லியனூர்ப் பக்கத்து நண்பர்களுக்கு ஊசுட்டேரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியின் மிகப் பெரிய ஏரியாகிய அது 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் நீர்ப்பரப்பில் ஒரு பங்கு தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்கே தண்ணீர் பரந்து கிடப்பதால் பறவைகள் தூரத்தில்தான் இருக்கும். இளைஞர்கள் தூரத்தை வெல்ல நீண்ட லென்ஸைத் தேடுகிறார்கள். நான் திசையைத் தேடச் சொல்லுவேன். நம் நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சாய்ந்திருப்பதால் இந்தப் பிராந்தியத்து ஏரிகளின் கரை பெரும்பாலும் கிழக்கோரத்தில் அமைந்திருக்கிறது. காலையில் கரைமேல் நின்றால் வெயில் நம் முதுகிலும் பறவையின் முகத்திலும் விழும். மாலையில் அதே இடத்தில் நின்றால் பறவை நிழலுருவாகிவிடும். அதுவும் ஓர் அழகுதான். அப்போது வானத்துக்கு ஒளியளவை வைத்துவிட்டுப் பறவையைக் கறுப்பாகவே விட்டுவிட வேண்டும். நீண்ட லென்ஸைவிட இடமும் வேளையும் அறிவதே பெரிது என்பதற்கு ஒரு சான்று உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல காமிராக்களின் அங்கங்களைப் பிணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒரு விநோதக் கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டு, அதைக்கொண்டு எடுத்த கறுப்பு-வெள்ளைப் படங்களால் கீர்த்தி பெற்றார். யானை எந்த வேளையில் எந்தப் பக்கமாக வரும் என்ற அறிவுதான் அவருடைய முதல் லென்ஸ்.

பறவையை விட்டுக் கல்லுக்கு வருவோம். பாகூர் மூலநாதர் கோயில் சுவர்களில் உள்ள சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படமெடுக்க விரும்புகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். இந்த ஊர்க்காரரான பாகூர் குப்புசாமி அவர்கள் திரட்டிய புதுச்சேரி வட்டாரத்துக் கல்வெட்டுகள், விஜயவேணுகோபால் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 2006-இலும் 2010-இலும் இரண்டு பாகங்களாக வெளிவந்தன. 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், தென்னாட்டுக் கோயில்களின் புகைப்படங்கள் லட்சத்துக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. அந்தப் பணியைத் தொடர விரும்புகிறவனுக்கு லென்ஸைவிடப் பஞ்சாங்கம் அதிகம் உதவும்.

கல்வெட்டு எழுத்துக்கு நிறம் கிடையாது, பள்ளம்தான் உண்டு. பள்ளம் படத்தில் தெரியவேண்டுமானால் வெளிச்சம் சுவரை உராய்ந்துகொண்டு சாய்வாக வரவேண்டும். இந்தத் தை மாதத்தில் சூரியன் தெற்கே ஒதுங்கி உதிப்பதால், காலை வெயில் தென்சுவரை, அதை நோக்கி நிற்கும் நம் வலப்பக்கத்திலிருந்து உராய்ந்து வருகிறது. வடசுவர் நாள் முழுதும் நிழலில் கிடக்கிறது. வடசுவரைப் படமெடுக்க வைகாசி, ஆனி வரையில் காத்திருக்க வேண்டும். பாகூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 11.8 பாகையில் இருப்பதால், சித்திரை இரண்டாம் வாரத்தில் நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதன்பின் ஆவணி முதல் வாரம் வரையில் உச்சிக்கு வடக்கேயே சஞ்சரிக்கிறது. அந்நாட்களில் காலையில் கிழக்கிலிருந்தும், உச்சிவேளையில் மேலிருந்து செங்குத்தாகவும், வடசுவரின்மேல் உராய்வு வெயில் விழும். கபோதம் என்னும் கூரை விளிம்பின் நிழல் படுகிற பகுதி போக, அதிஷ்டானமாகிய அடிப்பீடத்து எழுத்துகள் அப்போது தெளிவாக எழுந்து நிற்கும். இந்தக் காலக் கணக்கைக் காமிராவின் எந்தப் பொத்தானும் உங்களுக்குச் சொல்லாது.

மற்றவை சுலபம். ட்ரைபாட், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, சுவருக்கு நேர் இணையாகக் காமிரா, இரண்டு விநாடி டைமர். கருங்கல் இருண்டிருப்பதால் ஒளிமானி தேவைக்கு மேல் வெளிச்சம் கொடுக்கும், சற்றுக் குறைத்துவிடுங்கள். ஃபோகஸுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. படம் பதிகின்ற சென்ஸார் வேறு, ஃபோகஸை அளக்கின்ற சென்ஸார் வேறு என்று முன்பே சொன்னேன். இரண்டுக்கும் இடையே மயிரிழை அளவு பேதம் இருந்தாலும் கூர்மை முன்னாலோ பின்னாலோ நழுவிவிடும். அசையாத கல்லுக்கு அவசரமில்லை. ஆகவே லைவ் வியூவில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, கையாலேயே ஃபோகஸ் செய்துகொள்ளலாம்.

திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் விடிய விடிய நடக்கும் கூத்தைப் படமெடுப்பது இவை எல்லாவற்றிலும் கடினமானது. கரிய இரவுக்கு நடுவே, கிரீடமும் புஜகீர்த்தியும் கண்ணாடிச் சில்லுகளால் ஜொலிக்க ஒரு வேடதாரி நிற்கிறார். காமிரா இரவைச் சாம்பலாக்க முயன்று அவர் முகத்தைச் சுண்ணாம்பாக்குகிறது. ஸ்பாட் முறையில் முகத்தை ஒருமுறை அளந்து மேனுவலில் நிறுத்திவிட வேண்டும். கூத்துக்களத்து விளக்கு இரவு முழுதும் மாறப்போவதில்லை. ஆனால் அந்த விளக்கில் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை சுழல்வதால், ட்யூப்லைட்டும் மலிவான எல்.ஈ.டி. விளக்கும் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. 1/500 விநாடியில் எடுக்கும் காமிராவுக்குத் தெரியும். தொடர்ந்து எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும், சில சமயம் ஒரே படத்தில் பாதி பழுப்பாகவும் வருவதற்குக் காரணம் இதுதான். ஷட்டரை 1/100-இல் வைத்தால் ஒரு முழுத் துடிப்பு அடங்கிவிடும். 2014-இல் கேனான் வெளியிட்ட 7டி மார்க் 2 முதலாக, இந்தத் துடிப்பை அறிந்து உச்சத்தில் மட்டும் ஷட்டரைத் திறக்கும் வசதி சில எஸ்.எல்.ஆர்.களில் வந்திருக்கிறது, அது இல்லாதவர்களுக்கு 1/100-தான் கதி.

அந்த வேகத்தில் கிர்ரென்று சுற்றும் வேடதாரி கலங்கலாகத்தானே வருவார் என்று கேட்பீர்கள். வரட்டுமே! சுற்றி முடித்து அடவை நிறுத்தித் தலை நிமிரும் அந்த ஒரு கணத்தில் முகம் அசையாமல் நிற்கும், பாவாடை மட்டும் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். மிருதங்கத்தின் தீர்மானத்தைக் கேட்கத் தெரிந்தவனுக்கு அந்தக் கணம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. காமிராவோடு வரும் சாதாரண லென்ஸ் இந்த இருட்டுக்குப் போதாது. 50 மில்லிமீட்டர் 1.8 லென்ஸ் ஒன்று சொற்ப விலைக்குக் கிடைக்கும். அதில் எஃப் 2, ஐ.எஸ்.ஓ. 1600, ஷட்டர் 1/100 என்று தொடங்கிப் பாருங்கள். ஃபோகஸ் புள்ளியைக் கிரீடத்தின் கண்ணாடி விளிம்பில் வைக்கத் தோன்றும். வேண்டாம், எஃப் 2-இல் கிரீடம் கூர்மையாகி முகம் நழுவும். கண்ணுக்குத் தீட்டிய மையின் கோட்டில் வையுங்கள். ஃபிளாஷை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். அது ஆடுகிறவரின் கண்ணைக் கூசச் செய்வதோடு, மக்கள் உட்கார்ந்து பார்த்த இரவையும் அழித்துவிடுகிறது.

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிரெஞ்சு கவர்னர்கள் வடம் பிடித்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் வரையில் தொடர்ந்து வருவதால், அங்கே படமெடுக்கிறவர்கள் எல்லோரும் வடம் பிடிக்கும் பெரிய மனிதரின் முகத்தையே தேடுகிறார்கள். தேர் மெல்லத்தான் நகரும். அப்பர்ச்சர் முறையில் எஃப் 8 வைத்துக்கொண்டால் சௌகரியமாக எடுக்கலாம். வானம் காட்சியில் பெரிதாக வந்துவிட்டால் அலங்காரத் துணியும் மனிதர்களும் இருண்டுபோவார்கள், திருத்தத்தைக் கூட்டுங்கள். கல்யாண வீடுகளுக்கும் இதுவே விதி: வெள்ளைப் பட்டுவேட்டி மாப்பிள்ளையைத் தனியே எடுத்தால் கூட்டவேண்டும், அரக்குப் புடவைப் பெண்ணைத் தனியே எடுத்தால் சற்றுக் குறைக்க வேண்டும், இருவரும் சேர்ந்து நின்றால் முகத்தை அளந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. கேனானும் நிக்கானும் 2020-இல் தங்கள் உயர்தர எஸ்.எல்.ஆர்.களை வெளியிட்டதற்குப் பிறகு, கண்ணாடி இல்லாத காமிராக்களின் பக்கமே முழுமூச்சாகத் திரும்பிவிட்டார்கள். பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வித்தையெல்லாம் அவற்றில் இருக்கிறது. ஆனால் அந்தத் திருப்பத்தின் பயனாக, நல்ல எஸ்.எல்.ஆர்.கள் பழைய பொருளின் விலைக்கு நம் கிராமத்துப் பிள்ளைகளின் கைக்கு வந்து சேருகின்றன. அதில் எனக்குச் சந்தோஷமே.

பேச்சை இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன். நாளைக் காலை 7 மணிக்கு ஏரிக்கரைக்கு வர விருப்பமுள்ளவர்கள் வாருங்கள். பாட்டரியை இன்றிரவே சார்ஜ் போட்டுவிடுங்கள்; ஐ.எஸ்.ஓ. 400, மேனுவல், எஃப் 8, ஏ.ஐ. சர்வோ, நடுப்புள்ளி என்று வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஷட்டர் வேகத்தை மட்டும் வீட்டிலிருந்து தீர்மானித்துக்கொண்டு வராதீர்கள். அதைக் கரையில் நின்று, வெயில் பனைமரத்துக்கு மேலே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வைப்போம்.